பிரில்லியண்ட் என்றொரு சொல்

(நம் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக் கூடலில், 1971–74 செட்டின் பொன்விழா அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் மேடையில் விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் போன் செய்தபோது, "சார், நீங்க இங்கிலீஷ் புரொபசர். ஏதாவது ஜாலியா ஒரு அரை மணி நேரம் பேசுங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனின் கஷ்டம் அவருக்குத் தெரியாது. சமையற்கட்டிலிருந்து வாசனை வர ஆரம்பித்துவிட்டது. இனி நீங்கள் என் பேச்சைக் கேட்பது உங்கள் பெருந்தன்மை.

தலைப்பு தேட நான் கஷ்டப்படவில்லை. நம் கல்லூரி வாசலில் கட்டியிருக்கிற பிளெக்ஸ் போர்டைப் பார்த்திருப்பீர்கள். 'பிரில்லியண்ட் மைண்ட்ஸ்' எல்லோரையும் வருக வருக என்று வரவேற்கிறது. அதன் கீழே நின்று நாம் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டவர்களில் அரியர் வைத்து அக்டோபரில் எழுதியவர்கள் பலர் உண்டு. நானே ஒருவன். துணைப்பாடத்தில் போய், மறுபடி எழுதி, நாற்பத்திரண்டு மார்க் வாங்கிப் பிழைத்தவன். என்னை யாரும் வாழ்நாளில் பிரில்லியண்ட் என்று சொன்னதில்லை, இன்று அந்த போர்டு சொல்லும்வரை. அதனால் அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். வேறு ஒரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சொல் ஊருக்கு ஒரு வேஷம் போடும். நம்மிடம் படித்துவிட்டு இங்கிலாந்தில் வேலைக்குப் போன ஒரு மாணவர், போன புதிதில் எனக்குப் போன் செய்தார். "சார், எங்க மேனேஜர் தினமும் நாலு தடவை என்னை பிரில்லியண்ட்னு சொல்றார்" என்றார். எதற்கென்று கேட்டேன். "காலையில ஒரு பாரம் பூர்த்தி பண்ணிக் குடுத்தேன், பிரில்லியண்ட்னார். மதியம் நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்னேன், பிரில்லியண்ட்னார்." நான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்: தம்பி, அந்த ஊரில் அது நம்ம ஊர் 'சரிங்க' மாதிரி. கடைக்காரர் பையைக் கொடுத்தாலும் பிரில்லியண்ட், நீங்கள் சில்லறை கொடுத்தாலும் பிரில்லியண்ட். இன்னும் ஒன்று, பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டால் அப்போதும் அதே சொல்லைச் சொல்வார்கள், குரலை மட்டும் இறக்கி. நம் வீட்டில் பாலைப் பொங்கவிட்டவரைப் பார்த்து 'ரொம்ப நல்லது' என்று அம்மா சொல்வாரே, அந்தத் தொனி. அடுத்த மாதம் அவர் மறுபடி பேசினார். "நீங்க சொன்னப்புறம் கவனிச்சேன் சார். என்னை மட்டுமில்ல, லிப்டைக்கூட பிரில்லியண்ட்னுதான் சொல்றார்."

நம் ஊரில் அந்தச் சொல் அவ்வளவு மலிவு கிடையாது. இங்கே அது பட்டம். 'பையன் பிரைட்' என்றால் எண்பது மார்க், 'பிரில்லியண்ட்' என்றால் தொண்ணூற்றைந்துக்கு மேல். பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளையின் சம்பளத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற சொல். தமிழ் தவிர வேறு மொழி தெரியாத பாட்டிகூட "எங்க பேரன் பிரிலியண்டு" என்பார்.

அறிவியல் மாணவர்களுக்கு இது பாட்டிலில் ஒட்டிய பெயர். உயிர்வேதியியல் படித்தவர்கள் 'கூமாசி பிரில்லியண்ட் புளூ' என்ற சாயத்தைத் தொட்டிருப்பீர்கள். புரதத்தை நீலமாகக் காட்டிக்கொடுக்கும். பிராட்போர்டு என்பவர் 1976இல் வெளியிட்ட புரத அளவீட்டு முறை இந்தச் சாயத்தை வைத்துத்தான். கூமாசி என்பது இன்றைய கானா நாட்டில் இருக்கும் குமாசி என்ற ஊர். சாய வியாபாரிகள் தங்கள் சரக்குக்கு அந்த ஊரின் பெயரை வைத்துக்கொண்டார்கள். கலங்கல் இல்லாத கூர்மையான நிறத்துக்கு பிரில்லியண்ட் என்று அடைமொழி போட்டார்கள்.

செஸ் ஆடுகிறவர்களுக்கு அது பரிசு. 1876இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் ஜேம்ஸ் மேசனைத் தோற்கடித்த ஹென்றி பேர்டுக்குத்தான் அழகான ஆட்டத்துக்கான 'பிரில்லியன்ஸி' பரிசு முதன்முதலில் கொடுக்கப்பட்டது. எங்கள் காலத்துப் பெரியவர்கள் தலைக்குத் தடவி முடியை வழவழவென்று படிய வைத்த தைலம் பிரில்லியண்டைன். எங்கள் மாமா அதைத் தடவிக்கொண்டு கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும், வாசனைக்காக.

எனக்கு மிகவும் பிடித்தது அச்சுக்கூடத்துப் பிரில்லியண்ட். பாயிண்ட் கணக்கு வருவதற்கு முன்னால் ஆங்கில அச்சுக்காரர்கள் எழுத்தின் அளவுக்குப் பெயர்கள் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பாயிண்டுக்கு பைகா. முத்து என்று பெயர் வைத்த எழுத்து ஐந்து பாயிண்ட். அதைவிடச் சின்னது வைரம், நாலரை. வைரத்தைவிடவும் சின்னது ஒன்று உண்டு, சுமார் நான்கு பாயிண்ட். அதன் பெயர் பிரில்லியண்ட். பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. இந்த மலரை அந்த எழுத்தில் அச்சடித்தால் நம் செட்டில் ஒருவருக்கும் ஒரு வரிகூடத் தெரியாது.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு இத்தாலியத்திலிருந்து வந்தது. மின்னு, பளபளக்க என்று பொருள். அதற்கும் முன்னால் போனால், உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒருவேளை 'பெரில்' என்ற ரத்தினக் கல்லின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் எழுதுகின்றன. பெரில் என்பது நாம் பச்சைக்கல் என்று சொல்லும் கற்களின் குடும்பம். மரகதமும் அந்தக் குடும்பம்தான். ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடிக்கு 'பிரில்ல' என்று பெயர். அந்தப் பெயர் பெரிலிலிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆதியில் கண்ணாடி வில்லைகளை அப்படிப்பட்ட தெளிந்த கற்களில் செய்தார்கள்.

இனிமேல்தான் நம் பக்கம். பெரில் என்ற பெயர் லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்துக்குப் பிராகிருதத்தின் 'வேளுரிய'த்திலிருந்து. அதன் சமஸ்கிருத வடிவம் வைடூரியம். அந்தச் சொல்லுக்கே மூலம் திராவிடம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. சிலர் வேலூர் என்ற ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள். சிலர் நம் 'வெளிறு' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பெரியவர்களே மாறுபடுகிற இடத்தில் நான் நாட்டாமை செய்யப் போவதில்லை. தமிழிலிருந்துதான் உலகமே பிறந்தது என்று கைதட்டல் வாங்கவும் இந்த மேடைக்கு வரவில்லை. ஆனால் சொல் எங்கிருந்து போனாலும் கல் இங்கிருந்து போனது. அதற்குச் சாட்சி உண்டு.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூர் என்ற ஊர். பெரில் கிடைத்த இடம். அங்கிருந்து வெகுதூரம் இல்லை, நொய்யல் கரையில், சென்னிமலைப் பக்கம், கொடுமணல். நம் காவிரியில் வந்து கலக்கிறதே, அதே நொய்யல்தான். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அங்கே தோண்டிப் பார்த்தபோது கல் அறுத்து மணி செய்த தொழிற்கூடங்களே வெளியே வந்தன. முடிந்த மணி, முடியாத மணி, உடைந்த சில்லு, எல்லாம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று இரண்டு இடத்தில் வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள்.

அந்தப் பக்கம் ரோமாபுரியில் பிளினி என்ற பெரியவர் 37 தொகுதிகளில் உலகத்தில் இருப்பதையெல்லாம் எழுதிவைத்தார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனவர். அவருடைய கடைசித் தொகுதி முழுக்க ரத்தினங்கள். பெரில் இந்தியாவில் விளைவது, மற்ற இடங்களில் அபூர்வம் என்கிறார். மரகதமும் பெரிலும் ஒரே ஜாதி என்று சிலர் நினைப்பதாகவும் எழுதுகிறார். 1798இல் வாக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இரண்டையும் ஆராய்ந்து, இரண்டிலும் ஒரே புதுத் தனிமம் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் அது ருசுவாயிற்று. அதுதான் பெரிலியம். அதன் உப்புகள் இனிப்பாக இருக்கும் என்பதால் முதலில் இனிப்பை வைத்தே பெயர் சூட்டினார்கள். வேதியியல் மாணவர்கள் ருசி பார்த்துவிடாதீர்கள். கடும் விஷம்.

பிளினி சொன்னதில் எனக்கு மனசில் தைத்தது வேறொன்று. பெரிலை ஆறு முகம் வைத்துத்தான் தீட்டுகிறார்களாம். ஏனென்றால் தீட்டாத கல் மந்தமாக இருக்கும். முனைகளில் பட்டுத் திரும்பும் ஒளியால்தான் அதற்கு உயிர் வருகிறது, வேறு விதமாகத் தீட்டினால் மினுக்கே இல்லை என்கிறார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய குறிப்பு. பிரில்லியண்ட் என்ற சொல் பிறப்பதற்கு ஆயிரத்தறுநூறு வருஷம் முன்னால் அதன் பொருளை எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆங்கிலத்தில் அது வந்து இறங்கியதும் வைர வியாபாரிகள் கையில்தான். ஒரு குறிப்பிட்ட விதமாகப் பட்டை தீட்டிய வைரத்துக்கு பிரில்லியண்ட் என்று பெயர். 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர், வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த பொறியாளர், கணக்குப் போட்டு ஒரு புத்தகமே எழுதினார், எந்தக் கோணத்தில் தீட்டினால் உள்ளே போன ஒளி முழுக்க மேலேயே திரும்பி வரும் என்று. மேலே 33 முகம், கீழே 24, ஆக 57. அடிநுனியையும் தட்டையாக்கினால் 58. இதைச் செய்ய மூலக்கல்லில் பாதிக்கு மேல் பொடியாகப் போகும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லப்போவதுதான் நான் முதலில் சொன்ன அந்த வேறு காரணம்.

எங்கள் செட்டில் இயற்பியலில் ஒரு நண்பர் இருந்தார். விடுதியில் எனக்கு இரண்டு அறை தள்ளி. அவருடைய குடும்பம் செயற்கை வைரம் பட்டை தீட்டுகிற குடும்பம். இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன்: திருச்சியையும் புதுக்கோட்டையையும் சுற்றியிருக்கிற கிராமங்களில் அது வீட்டுக்கு வீடு நடந்த தொழில். வெளியிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கல் மலிவாக வந்து குவிந்தபின் சுருங்கிப்போனது. "மேடையில சொல்லிக்கோடா, பேர் மட்டும் போடாதே" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அதனால் பெயர் சொல்லமாட்டேன். நம் செட்காரர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

முதல் வருஷம் அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியரை நிம்மதியாக ஒரு வரி எழுதவிடமாட்டார். "சார், ஏன் சார்?" "சார், அது எப்படி சார் திரும்பும்?" வகுப்பே சிரிக்கும். அவர் கவலைப்படமாட்டார். அரையாண்டுத் தேர்வில் ஒளியியல் தாளில் எண்பத்தாறு வாங்கினார். அன்றைக்கு அந்தக் காலத்தில் எண்பத்தாறு என்பது இன்றைக்குச் சதம். ஆசிரியர் அந்த விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, "ஹியர் இஸ் எ பிரில்லியண்ட் பாய்" என்றார். நல்ல மனுஷர், மனதாரச் சொன்னார், அன்போடு சொன்னார். அன்று மாலையே மெஸ்ஸில் அவருக்குப் பெயர் மாறிவிட்டது. "டேய் பிரில்லியண்ட், சாம்பார் தள்ளு." மூன்று வருஷம் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருவன். முதலில் கூப்பிட்டவனே நான்தானோ என்றும் சந்தேகம்.

இறுதியாண்டில் மின்காந்தவியல் தாளில் அவர் போய்விட்டார். முப்பத்தொன்று. எங்களுக்கெல்லாம் அரியர் என்றால் அக்டோபர். அவ்வளவுதான். அடுத்த நாள் சினிமாவுக்குப் போனோம். அவருக்கு அப்படியில்லை. ரிசல்ட் வந்த ராத்திரி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனவர், அக்டோபரிலும் வரவில்லை, ஏப்ரலிலும் வரவில்லை. பட்டம் வாங்கவேயில்லை. எந்தக் கூடலுக்கும் வந்ததில்லை. 'பிரில்லியண்ட் எங்கடா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்போம். யாராவது 'வெளிநாட்ல இருப்பான்' என்பார்கள். அப்படித்தானே இருக்க வேண்டும்? சாப்பிடப் போய்விடுவோம்.

பொன்விழாவுக்காக விலாசம் சேகரித்தபோது இந்த வருஷம்தான் அவர் கிடைத்தார். வெளிநாடெல்லாம் இல்லை. புதுக்கோட்டைச் சாலையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நான் போனேன். திண்ணையில் ஒரு பட்டறைப் பலகை இன்னும் போட்டு வைத்திருக்கிறார். தொழில் போய் ரொம்ப வருஷமாயிற்று, கைக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று. குச்சி நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் பிடித்துக் காட்டினார். கண் சரியாகத் தெரியவில்லை, கோணம் விரலிலேயே இருக்கிறது. ஒரு கல்லை என் உள்ளங்கையில் வைத்தார். மினுமினுவென்று இருந்தது. இன்னொன்றை வைத்தார். அதே கல், அதே அளவு, நடுவில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஓட்டையாகத் தெரிந்தது, வழியாக என் கைரேகை தெரிந்தது.

"ஏன்டா இது இப்படி?" என்றேன்.

"அடிப்பக்கம் கோணம் தப்பிடுச்சு. வெளிச்சம் மேலேருந்து உள்ள போகுது, ஆனா திரும்பாம அடியில ஒழுகிடுது. முழு அக எதிரொளிப்பு. அந்த ஒளியியல் தாள்ல அஞ்சாவது கேள்வி, நீ மறந்திருப்பே." நான் எந்தக் காலத்தில் தெரிந்து வைத்திருந்தேன் மறக்க? அவரே விளக்கினார். "வைரத்துக்கு அவதிக் கோணம் இருபத்திநாலு டிகிரி சொச்சம். கண்ணாடிக்கு நாப்பத்திரெண்டு. கோணம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சுலபமா வெளிச்சம் உள்ளயே மாட்டிக்கும். அதான் வைரம் ஒசத்தி. கல்லுக்குன்னு சொந்தமா வெளிச்சம் எதுவும் கிடையாதுடா. இருட்டு ரூம்ல கோகினூரும் கூழாங்கல்லும் ஒண்ணுதான்."

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பெயிலான மனுஷர், வகுப்பெடுக்கிறார். நான் கேட்டேவிட்டேன். "உனக்கு அப்படி என்னடா கஷ்டம் அந்தப் பேப்பர்ல? ஒரு அக்டோபர் எழுதினா முடிஞ்சிருக்குமே?"

கொஞ்ச நேரம் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சார் என்னை பிரில்லியண்ட்னு சொன்ன நாள்லேருந்து நான் சந்தேகம் கேக்கறதை நிறுத்திட்டேன். கேட்டா, இவனுக்கே தெரியலையான்னு நினைப்பாங்களே. மூணாவது வருஷம், மின்காந்தவியல்ல மூணாவது கிளாஸ்லயே எனக்குப் புரியலை. பக்கத்துல இருந்தவனுக்கும் புரியலை. அவன் கையைத் தூக்கிக் கேட்டுட்டான். நான் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். வருஷம் பூரா ஆட்டினேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்தார். "இவர் இன்னைக்கும் ரேஷன் கடையில கணக்குத் தப்பா இருந்தாக்கூட கேக்கமாட்டார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது நம் தமிழ்ச் சொற்கள்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தன. நம்மிடம் ஒளிக்கு எத்தனை சொல்! மின்னுவது வேறு, மிளிர்வது வேறு, சுடர்வது வேறு, ஜொலிப்பது வேறு. ஆனால் ஆங்கில வாத்தியாராக முப்பது வருஷம் இருந்த எனக்கு அன்றுதான் ஒன்று உறைத்தது. என் அம்மா காலையில் பாத்திரம் 'விளக்கு'வார். பல் 'விளக்கு'கிறோம். சாயங்காலம் ஏற்றுவதும் விளக்கு. வகுப்பில் ஆசிரியர் பாடத்தை விளக்குகிறார், நமக்கு விளங்குகிறது. ஒருவன் நன்றாக வந்தால் 'விளங்கிட்டான்' என்போம். வராவிட்டால், அந்த வசவை நான் மேடையில் சொல்ல வேண்டாம், எல்லோரும் அப்பாவிடம் வாங்கியிருப்பீர்கள். துலக்கு, துலங்கு என்பதும் அப்படியே. ஒருவர் விளக்கினால் இன்னொன்று விளங்கும். பாத்திரம் தானாக விளங்குவதாக நம் பாஷையில் எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள், யாரோ புளி போட்டுத் தேய்த்திருப்பார்கள். எங்கள் நண்பருக்கு விளங்காதபோது 'சார், விளங்கலை' என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் ஆங்கிலப் பட்டம் வாயை அடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து ஒரு பைலை இறக்கினேன். நான் இங்கே வேலை பார்த்த காலத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதங்களின் கார்பன் நகல். டைப்ரைட்டர் காலம். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பையன்களுக்கு 'பிரில்லியண்ட்' என்று தாராளமாகப் போட்டிருக்கிறேன். சிலர் வகுப்பில் தூங்கியவர்கள், இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவிகளுக்கு? 'சின்சியர்', 'ஹார்ட் வொர்க்கிங்', 'வெல் மேனர்ட்'. முதல் மதிப்பெண் வாங்கியவருக்கும் அதேதான். ஒரு பெண்ணுக்காவது பிரில்லியண்ட் போட்டிருக்கிறேனா என்று மறுபடி முதலிலிருந்து தேடினேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. அது அவருடைய கையெழுத்தைப் பற்றி.

அந்த முதல் மதிப்பெண் மாணவி இன்று வேறு மாநிலத்தில் பேராசிரியர். போன் செய்து சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும் சார். கடிதத்தை நீங்க திறந்துதானே குடுத்தீங்க. அவன் பிரில்லியண்ட், நான் சின்சியர். மார்க் எனக்குத்தான் அதிகம். ஹாஸ்டல்ல ரெண்டு நாள் சிரிச்சோம்" என்றார். பிறகு, "முதல் நாள் சிரிக்கலை சார்" என்றார்.

இது என் ஒருவனுடைய கிறுக்கு என்று நினைத்தால், அப்படியும் இல்லை. 2017இல் லின் பியான் என்பவரும் சக ஆய்வாளர்களும் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கக் குழந்தைகளிடம் மகா புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, இந்தப் படங்களில் அவர் யார் என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பெண் குழந்தைகள் பெண்ணையே காட்டினார்கள், ஆண் குழந்தைகள் ஆணை. ஆறு வயதானதும் பெண் குழந்தைகள் பெண்ணைக் காட்டுவது குறைந்துவிட்டது. ஒரு வருஷத்துக்குள். ஆறு வயதுக் குழந்தைக்கு யார் சொல்லித் தந்தார்கள்? என்னைப் போன்ற கடிதக்காரர்கள்தான், வேறு யார்?

இன்னொன்றும் உண்டு. 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள். சிலரிடம் 'நல்லா முயற்சி பண்ணியிருக்கே' என்றார்கள். பிறகு கஷ்டமான புதிரில் எல்லோரையும் தோற்கவிட்டார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கிய குழந்தைகள்தான் சீக்கிரம் துவண்டுபோனார்கள், அதற்கப்புறம் கொடுத்த சுலபமான புதிரைக்கூட முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். ஒரு ஆய்வை வைத்து உலகத்தை அளந்துவிட முடியாது என்று நம் புள்ளியியல் பேராசிரியர் முறைக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஆய்வு வேண்டியிருக்கவில்லை. திண்ணையில் ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

மாணவர்கள் கேட்கலாம், அப்போ பாராட்டவே கூடாதா சார் என்று. தாராளமாகப் பாராட்டலாம். அந்த 1971ஆம் வருஷத்து ஆசிரியர் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்ததில் தப்பே இல்லை. அந்தப் பையன் கேட்ட கேள்விகளைத் தூக்கிப் பிடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, அவ்வளவுதான். அவராவது ஒருதரம்தான் சொன்னார். மூன்று வருஷம் தினமும் மெஸ்ஸில் சொன்னவர்கள் நாங்கள்.

அவரை வரச் சொல்லிக் கேட்டேன். முதலில் முடியாது என்றார். அவர் மனைவி உள்ளிருந்து "போய்ட்டு வாங்க" என்றார். நேற்று இரவு போன் வந்தது. பகல் ஒரு மணி பஸ்ஸுக்கு வருவதாகச் சொன்னார். இப்போது பன்னிரண்டே முக்கால். வரும்போது வாசலில் அந்த போர்டைத்தான் முதலில் பார்ப்பார். செயலாளரிடம் சொல்லி அவிழ்க்கச் சொல்லலாமா என்று நினைத்தேன், ஸ்பான்சர் கொடுத்தவர் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டேன். நம் செட்காரர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு என் பக்கத்தில் ஒரு இலை போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவருடைய அம்மா அப்பா வைத்த பெயர் உங்களுக்கெல்லாம் தெரியும். சாம்பார் தள்ளச் சொல்லும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.